மூன்று வாரத்துக்கு ஓர் ஊசி

கோத்தகிரியில் எங்கள் வீட்டுக்கு ரோட்டிலிருந்து பதினெட்டுப் படி இறங்கணும். நவம்பர் மழையில் பாசி பிடித்த படியில் அம்மா வழுக்கி விழுந்தார். வயது 74. இடுப்பு மூட்டருகே தொடையெலும்பு முறிவு. மேட்டுப்பாளையம் இறங்கும்வரை ஒவ்வொரு வளைவிலும் முனகினார். கோவையில் மறுநாளே எலும்பின் தலையை எடுத்துவிட்டு உலோகப் பந்து வைத்தார்கள்.

சிக்கல் அதற்குப் பிறகுதான். ஒரே மாதத்தில் தொடை சூம்பிவிட்டது. வாக்கரைப் பிடித்து எழுந்தாலே கால் நடுங்கும். டாக்டர் 'நான்ட்ரோலோன்' 25 மி.கி. என்று எழுதி, "இது ஸ்டீராய்டுதான்" என்றார். தூக்கிவாரிப்போட்டது. வீசிங்குக்கு வருஷக்கணக்கில் ஸ்டீராய்டு மாத்திரை தின்று எலும்பு பொடிந்த சித்தியைப் பார்த்தவன் நான்.

"சித்தி சாப்பிட்டது பிரெட்னிசோலோன். அது தசையையும் எலும்பையும் கரைக்கும். இது ஆண் ஹார்மோன் வகை, தசையைக் கட்டும்" என்றார். 2002இல் சுவீடனில் இடுப்பு முறிந்த 63 பெண்களை வைத்துச் செய்த ஆய்வில், ஊசி போட்டவர்களுக்குத் தசை இழப்பு குறைவாம். "ஆனா அவங்களுக்கு வைட்டமின் டி-யும் சேர்த்துக் கொடுத்தாங்க, மத்தவங்களுக்குக் கால்சியம் மட்டும். எது வேலை செஞ்சதுன்னு அடிச்சுச் சொல்ல முடியாது. அம்மா ஒழுங்கா சாப்பிடலைன்னா ஊசி வீண்." இப்படி மூடி மறைக்காமல் சொன்னதால்தான் சம்மதித்தேன். கல்லீரல் டெஸ்ட் எடுத்தார்கள். வேர்க்கடலை அலர்ஜி உண்டா என்றும் கேட்டார். மருந்து கடலை எண்ணெயில் கலந்ததாம்.

சீட்டைப் பார்த்த மருந்துக்கடைக்காரர், "ஜிம்முக்கா?" என்றார். என் தொப்பையைப் பார்த்ததும் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

டிசம்பர் குளிரில் எண்ணெய் மருந்து சிரிஞ்சில் ஏறவே இல்லை. நர்ஸக்கா உள்ளங்கைக்குள் பொத்திச் சூடேற்றித்தான் போட்டார். தினம் இரண்டு முட்டை, ராகிக் களி, பிசியோதெரபி. மலையில் சமதரைக்கு எங்கே போவது? கூடத்துக்குள்ளேயே பதினோரு அடி முன்னும் பின்னும் நடந்தார்.

நான்காவது ஊசிக்குப் பிறகு குரல் கட்டியது. சளி என்று பத்து நாள் சுக்குக் காபி கொடுத்தோம். டாக்டருக்குப் போன் போட்டால், "முதல்லயே சொன்னேனே, குரல் மாறினா உடனே கூப்பிடுங்கன்னு! இனி போடாதீங்க. பழைய குரல் வராமலும் போகலாம்" என்றார். சொல்லியிருந்தார்தான். எலும்பைப் பற்றிச் சொன்னதெல்லாம் நினைவிருந்தது, இது மட்டும் மறந்துபோனது.

இப்போது கைத்தடி ஊன்றிப் பதினெட்டுப் படியும் ஏறுகிறார். ஊசியாலா, முட்டையாலா, தெரியாது. பெரியம்மா போன் செய்தால், "தம்பி, அம்மாகிட்ட குடுப்பா" என்கிறார்.

"நான்தான்க்கா பேசுறேன்" என்கிறார் அம்மா.