பாரிமுனையில் கடலைத் தேடிய கதை

முதலில் அந்த ஆட்டோக்காரர் கதையைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் வயிற்றெரிச்சல் அடங்காது. கோவையிலிருந்து ராத்திரி ரயிலில் வந்து, பெட்டியைப் பாதுகாப்பு அறையில் போட்டுவிட்டு, சென்ட்ரல் வாசலில் நின்றேன். பாரிமுனைக்கு 250 ரூபாயாம். தூரம் இரண்டு கிலோமீட்டர் இருந்தால் அதிகம். "சுத்திப் போகணும் சார்" என்றார். பேரம் பேசி 180-க்கு வந்தது. வெயிலைப் பார்த்து நானும் ஏறித் தொலைத்தேன். நாளுக்கு 500 ரூபாய் என்று திட்டம் போட்டு வந்தவனுக்குக் காலையிலேயே மூன்றில் ஒரு பங்கு காலி.

சரி, ராஜாஜி சாலை. பழைய கட்டடங்களுக்காகவே வந்தேன். முனையில் டேர் ஹவுஸ், பாரி கம்பெனியின் கட்டடம். 1788-ல் தாமஸ் பாரி தொடங்கிய வியாபாரத்தின் பெயர்தான் இந்த இடத்துக்கே ஒட்டிக்கொண்டது. இப்போது நிற்கும் கட்டடம் 1940-ல் வந்தது. நேர்கோடுகளும் வளைந்த முனையுமாக இருக்கிறது. எனக்குப் பெரிதாக மனசு ஒட்டவில்லை, நாலு படம் எடுத்துவிட்டு நகர்ந்தேன்.

ஸ்டேட் பாங்க் கட்டடத்தைப் பார்த்ததும் கால் நின்றுவிட்டது. 1897-ல் மெட்ராஸ் வங்கிக்காகக் கட்டியது. ஹென்றி இர்வின் வடிவமைக்க, கட்டிக் கொடுத்தவர் நம்பெருமாள் செட்டியார். சிவப்புச் செங்கல், கோபுரக் கும்பங்கள், வளைவுக்கு மேல் வளைவு. பணம் போடும் இடம் என்று யாராவது சொன்னால்தான் தெரியும், ஏதோ நவாப் அரண்மனை மாதிரி இருக்கிறது. இந்தப் பாணிக்கு இந்தோ சாரசெனிக் என்று பெயர். முகலாயக் குவிமாடத்தையும் நம்மூர் வேலைப்பாட்டையும் வெள்ளைக்காரன் அலுவலகத்துக்கு மேல் ஏற்றி வைத்தது.

பக்கத்திலேயே தலைமைத் தபால் நிலையம், 1884. ராபர்ட் சிஷோம் வேலை. திருவனந்தபுரம் நேப்பியர் மியூசியமும் இவர் கைவண்ணம்தான், அதனால் இங்கேயும் கொஞ்சம் கேரளச் சாயல் அடிக்கிறது. சுவர் ஓரமாகக் கிட்டே போய்ப் பார்த்தேன். செங்கல்லுக்கும் செங்கல்லுக்கும் நடுவே உள்ள பூச்சு விரல் நகக் கனம்கூட இல்லை. உயரத்தில் ஒரு இடுக்கில் அரசஞ்செடி முளைத்திருந்தது. அதை யாராவது இப்போதே பிடுங்கினால் நல்லது, வேர் விட்டால் சுவரைப் பிளக்கும்.

ஆனால் எனக்கு உறுத்தியது வேறு. அழகெல்லாம் மேற்கு ஓரத்தில், முகம் எல்லாம் கிழக்கே. எதிரே என்ன இருக்கிறது? பர்மா பஜார் கடைகள், தண்டவாளம், துறைமுகச் சுவர். இந்தச் சுவருக்கா இத்தனை அலங்காரம்? கொஞ்ச தூரம் நடந்து ரயில் நிலையப் பெயர்ப்பலகையைப் பார்த்ததும்தான் மண்டையில் ஏறியது: சென்னை கடற்கரை. கடற்கரை என்று பெயர், கடலைக் காணோம்!

இந்தச் சாலைக்குப் பழைய பெயர் ஃபர்ஸ்ட் லைன் பீச். அந்தக் காலத்தில் கப்பல்கள் நடுக்கடலில் நிற்கும், ஆட்களும் சரக்கும் மசூலாப் படகில் அலையில் குலுங்கிக் கரைக்கு வரும். 1870-களில் துறைமுக வேலை தொடங்கியது, 1881 புயல் அதை உடைத்தது, திரும்பக் கட்டினார்கள். துறைமுகம் நடுவில் வந்ததும் கடல் தள்ளிப் போய்விட்டது, கட்டடங்கள் மட்டும் அதே பக்கம் பார்த்துக்கொண்டு நிற்கின்றன. இது புரிந்த பிறகு அந்தத் தெருவை முதலிலிருந்து இன்னொரு தடவை நடந்தேன். கால் வலி தனி.

உயர்நீதிமன்றத்தையும் இப்படிக் கடலிலிருந்து பார்க்க வேண்டும். 1892-ல் திறந்தது. அதன் பெரிய குவிமாடத்தின் உச்சியில் 1894 முதல் 1977 வரை கலங்கரை விளக்கம் எரிந்தது. அதற்கு முன்பு இருந்த 1844-ம் வருடத்து விளக்கும் ஒற்றைத் தூணாக அதே வளாகத்தில் நிற்கிறது. 1914 செப்டம்பர் 22 ராத்திரி ஜெர்மன் கப்பல் எம்டன் இங்கே குண்டு போட்டதற்கு மதில்சுவரில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. "அவன் பெரிய எம்டன்" என்று எங்கள் அப்பத்தா திட்டுவது இந்தக் கப்பலைத்தான் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. நடைபாதையில் பைக்குகளைத் தாண்டித்தான் கல்வெட்டை நெருங்க முடிந்தது, அது ஒரு எரிச்சல்.

சாயங்காலம் செகண்ட் லைன் பீச் பக்கம் அத்தோ. பர்மாவிலிருந்து திரும்பி வந்த தமிழர்கள் கொண்டுவந்த சாப்பாடு. தள்ளுவண்டி அண்ணன் நூடுல்ஸ், முட்டைகோஸ், வறுத்த வெங்காயம், மிளகாய்த்தூள், புளித்தண்ணீர், நொறுக்கிய பேஜோ (தட்டை மாதிரி மொறுமொறுப்பானது) எல்லாவற்றையும் ஒரு கிண்ணத்தில் கையாலேயே பிசைந்து தட்டில் கொட்டினார். கூடவே சூடாக வாழைத்தண்டு சூப். "இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுமா தம்பி?" என்று கேட்டு மூன்று தடவை ஊற்றினார், அதற்குக் காசு இல்லை. முட்டை மசாலாவும் சேர்த்து மொத்தமே நூறு ரூபாய்க்குள் முடிந்தது. பயணத்திலேயே உருப்படியான செலவு அதுதான்.

திரும்பும்போது கடற்கரை நிலையத்தில் மின்சார ரயில் ஏறினேன். நடுவில் கோட்டை ஒன்றுதான், அடுத்தது பார்க் நிலையம், ரோட்டைத் தாண்டினால் சென்ட்ரல். டிக்கெட் 5 ரூபாய். 180-க்கு 36 தடவை போயிருக்கலாம்.