செவலையும் சிவப்பு அட்டையும்

நாயை ஷோவுக்கு, அதாவது நாயின் அமைப்பையும் நடையையும் பார்த்து இடம் தரும் போட்டிக்கு, கூட்டிப் போகிறோம் என்றால் நம் ஆட்கள் கேட்கும் முதல் கேள்வி, "ஜெயிச்சா எவ்வளவு தருவாங்க?" ஒன்றும் தரமாட்டார்கள். ஒரு அட்டை, பெரிய வெற்றி என்றால் ரோசெட் என்ற ரிப்பன் பூ, எப்போதாவது ஒரு மூட்டை நாய்த் தீனி. இதற்கு நாம்தான் கட்டணம் கட்டி, பெட்ரோல் போட்டு, இருட்டோடு எழுந்து கிளம்ப வேண்டும். இதைக் கேட்டதும் அவர்கள் முகத்தில் ஒரு பரிதாபம் வரும். பேச்சு உடனே வீட்டுக் கடன் வட்டிக்குப் போய்விடும்.

நான் கோவில்பட்டிக்காரி. கோவென்ட்ரியில் நர்ஸ் வேலை. வந்த புதிதில் எனக்குத் தெரிந்த இங்கிலாந்து என்பது வார்டும், பஸ்ஸும், கறிவேப்பிலை கிடைக்கும் கடையும்தான். பக்கத்து வீட்டுக்காரர் நல்லவர், ஆனால் மழையைத் தாண்டி எங்களிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. எங்களுக்கும் என்ன பேசுவதென்று தெரியாது.

ஒரு மார்ச் மாதம் வார்டில் கூட வேலை பார்க்கும் பெண் ஒருத்தி, தனக்குப் போக முடியவில்லை என்று கிரஃப்ட்ஸ் என்ற பெரிய நாய் ஷோவின் டிக்கெட்டுகளைக் கையில் கொடுத்தாள். அது நடக்கும் பர்மிங்ஹாம் என்இசி கண்காட்சி வளாகம் எங்கள் வீட்டிலிருந்து அரை மணி நேரம்கூட இல்லை. நாங்கள் போனது ஹவுண்ட் எனும் வேட்டை வகை நாய்களின் நாள். விப்பெட் என்ற ஒல்லி ஓட்ட நாய்களை நடுவர் பார்க்கும் வளையத்தின் ஓரமாக நடந்துகொண்டிருந்தபோது என் கணவர் நின்றுவிட்டார். "ஏ, இங்க பாரு. நம்ம சிப்பிப்பாறை இங்க என்ன பண்ணுது?" ஒட்டிய வயிறு, ஆழமான நெஞ்சு, வளைந்த இடுப்பு, செவலை நிறம். உருவம்தான் சின்னது. விப்பெட்டில் ஆண் நாய் 47 முதல் 51 சென்டிமீட்டர் உயரம், பெட்டை 44 முதல் 47. எங்கள் தாத்தா வீட்டு நாய் அதன் முதுகுக்கு மேலே எட்டிப் பார்க்கும்.

சிப்பிப்பாறையை இங்கே யாருக்கும் தெரியாது. நாய் இனங்களைப் பதிவு செய்யும் இந்த நாட்டுக் கென்னல் கிளப்பின் இனப் பட்டியலில் அது இல்லை, ராஜபாளையமும் இல்லை. ஆனால் விப்பெட்டின் கதையைக் கேட்டபோது எனக்கு அந்நியமாகத் தெரியவில்லை. வட இங்கிலாந்தில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளிகள் வளர்த்த நாய் அது. பந்தயக் குதிரை வாங்க வக்கில்லாதவர்கள் நேர்ப்பாதையில் ஓடவிட்ட நாய். ஓட்டத்தின் முடிவில் எஜமான் ஒரு கந்தல் துணியை வீசிக் கூப்பிடுவானாம், அதை நோக்கிப் பறந்து வருமாம். கென்னல் கிளப் தொடங்கியது 1873இல். விப்பெட்டை அவர்கள் தங்கள் பட்டியலில் சேர்த்தது அதற்குப் பல ஆண்டுகள் கழித்துத்தான். காரணத்தை நானே ஊகித்துக்கொண்டேன்.

குட்டி வாங்குவது லேசில் முடியவில்லை. 2020 ஏப்ரல் முதல் இங்கிலாந்தில் ஆறு மாதத்துக்கு உட்பட்ட குட்டியை இடைத்தரகரோ கடையோ விற்கக் கூடாது. குட்டி ஈனவைத்து வளர்க்கும் பிரீடரின் வீட்டுக்கே போய், தாயோடு சேர்த்துப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். ஷோவுக்கு நாய் வளர்ப்பவர்கள் பணத்தைக் காட்டினால் மயங்குகிற ஆட்களும் இல்லை. பெண் பார்க்கப் போன கதைதான், பார்க்கப்பட்டது நாங்கள் என்பதுதான் வித்தியாசம். தோட்டத்து வேலி எவ்வளவு உயரம், இருவரும் வேலைக்குப் போனால் நாய் எத்தனை மணி நேரம் தனியாக இருக்கும், குழந்தைக்கு என்ன வயது, வளர்க்க முடியாமல் போனால் எங்களிடமே திருப்பித் தருவீர்களா? என் ஷிஃப்ட் அட்டவணையைக்கூடக் கேட்டு வாங்கிப் பார்த்தார் அந்த அம்மாள். அதன் பிறகும் பல மாதம் காத்திருந்தோம்.

எட்டு வாரக் குட்டியைக் காட்டி "இது ஷோவில் ஜெயிக்கும்" என்று யாராவது சொன்னால் அவரிடம் வாங்க வேண்டாம். பல் மாறும், கால் நீளும், நெஞ்சு இறங்கும், எதுவும் நிச்சயமில்லை. நல்ல பிரீடர் "வாய்ப்பிருக்கிறது" என்பதோடு நிறுத்திக்கொள்வார். அந்த ஈற்றில் மிக நல்ல குட்டியை அவரே வைத்துக்கொள்வார் என்பதையும் தெரிந்துகொண்டே போக வேண்டும். எங்களுக்குக் கிடைத்தது செவலைப் பெட்டை. பெயருக்கு யோசிக்கவே இல்லை, செவலை. இங்குள்ளவர்கள் வாயில் அது "செவ்" ஆகிவிட்டது. காகிதத்தில் அவளுக்கு வேறு நீளமான பெயர், பிரீடரின் கென்னல் பெயரோடு தொடங்கும். கென்னல் கிளப்பில் உரிமையை நம் பெயருக்கு மாற்றிப் பதிந்தால்தான் நம் பெயரில் ஷோவுக்கு விண்ணப்பிக்க முடியும்.

நாயை வளையத்தில் நிறுத்தவும் நடத்தவும் பழக்கும் ரிங்கிராஃப்ட் வகுப்பைப் பற்றித்தான் எனக்கு நிறையச் சொல்ல வேண்டும். பல ஊர்களில் வாரத்தில் ஒரு நாள் மாலை, கிராமப் பொதுக் கூடத்தில் நடக்கும். தரையில் ரப்பர் பாய், ஒரு மடக்கு மேசை, மூலையில் டீ பாத்திரம், ராஃபிள் டிக்கெட் விற்க ஒரு தாத்தா. கட்டணம் சில பவுண்டுகள்தான். கற்றுத்தருபவர்கள் சம்பளம் வாங்குவதில்லை. ஷோவென்றால் சீமான்களின் பொழுதுபோக்கு என்று நினைத்துப் போனேன். அங்கே இருந்தவர்கள் பஸ் டிரைவர், தபால்காரர், ஓய்வுபெற்ற டீச்சர், ஒரு பல் டாக்டர்.

விப்பெட்டை மேசைமேல் நிறுத்தித்தான் நடுவர் பார்ப்பார். அந்த நிறுத்தல் பார்க்க எளிது, கைக்கு வர மாதக்கணக்கு ஆகும். முன்னங்கால் இரண்டும் தோளுக்கு நேர் கீழே இறங்க வேண்டும். பாதத்தைப் பிடித்து இழுத்து வைத்தால் நாய் மறுநொடி எடுத்துவிடும், முழங்கைப் பக்கம் பிடித்து லேசாகத் தூக்கி இறக்க வேண்டும். பின்னங்காலில் குதிமூட்டிலிருந்து பாதம் வரை தரைக்குச் செங்குத்தாக நிற்க வேண்டும். இதையெல்லாம் செய்துகொண்டே இன்னொரு கையால் தாடையைத் தாங்க வேண்டும், அவள் என் பாக்கெட்டில் மூக்கை விடாமல் பார்க்க வேண்டும். முன்பின் தெரியாத ஆள் வந்து உதட்டைப் பிரித்துப் பல் பார்ப்பார். மேல் பல் வரிசை கீழ் வரிசையைக் கத்தரிக்கோல் அலகுபோல உரசி மூட வேண்டும். அப்புறம் தோள், நெஞ்சு, முதுகு, தொடை என்று கை போகும். நாய் பதறக் கூடாது. அதற்காக வகுப்பில் ஒவ்வொருவரும் அடுத்தவர் நாயைத் தடவிப் பார்ப்பார்கள். நோயாளியைத் தொட்டே சம்பாதிக்கிறவள் நான், இந்த ஒரு வேலை எனக்கு முதல் நாளே வந்தது.

நடை வேறு விஷயம். முக்கோணமாக ஒரு சுற்று, நேராகப் போய்த் திரும்பி வர ஒரு சுற்று. நாய் நடுவருக்கும் நமக்கும் நடுவில் வர வேண்டும், நாம் மறைத்தால் அவர் எதைப் பார்ப்பார்? விப்பெட் முன்னங்காலைத் தூக்கித் தூக்கி வைக்கக் கூடாது, தரையை ஒட்டி முன்னால் வீச வேண்டும். வாரை இழுத்துப் பிடித்தால் அந்த வீச்சு போய்விடும். தட்டைச் செருப்பு, பாக்கெட் வைத்த மேலுடை, செவலை நாய்க்குக் கறுப்புப் பேண்ட். துப்பட்டா வேண்டவே வேண்டாம், அது நாயின் முகத்தில் அடிக்கும். பாக்கெட்டில் ஈரல் துண்டு. ஈரலை வேகவைத்து ஓவனில் உலர்த்துவேன். வெங்காயமும் பூண்டும் நாய்க்கு ஆகாது என்பதால் வெறும் ஈரல். மிளகு போடாத ஈரல் வாசனையில் என் மாமியார் வீடியோ அழைப்பிலேயே மூக்கைப் பொத்துவார்.

பல வாரம் அங்கே எனக்குப் பெயர் கிடையாது, "செவ்வின் அம்மா"தான். வகுப்பை நடத்தும் எழுபது வயதுக்கு மேற்பட்ட அம்மையாரை எல்லோரும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். எனக்கு நாக்கு வரவில்லை, "எக்ஸ்க்யூஸ் மீ" என்றே காலம் தள்ளினேன். வகுப்பு முடிந்து நாற்காலி மடக்க நிற்கிறவர்களுக்கு அவர் தனியாக ஏதாவது சொல்வார். எந்த நடுவர் முன்பகுதியைப் பெரிதாகப் பார்ப்பார், எந்த ஷோவில் தரை வழுக்கும், பதிவுக்குக் கடைசித் தேதி எப்போது. ஷோ வார் ஒன்றை அவர்தான் இரவல் தந்தார், திரும்பக் கேட்கவேயில்லை. இந்த நாட்டில் கதவு பணத்துக்கும் படிப்புக்கும் திறக்கிறதோ இல்லையோ, வாராவாரம் வந்து நாற்காலி மடக்குகிறவருக்குத் திறக்கிறது. ஆஸ்பத்திரியில் இத்தனை காலம் வேலை பார்த்தும் எனக்குப் பிடிபடாத சங்கதி இது.

ஷோக்களில் படிநிலை உண்டு. கம்பானியன் ஷோ ஜாலிக்கு, கலப்பின நாயும் கலந்துகொள்ளலாம். ஓபன் ஷோதான் பழகும் இடம். அதற்கு மேல் சாம்பியன்ஷிப் ஷோ. எங்கள் முதல் ஓபன் ஷோ ஒரு விளையாட்டு அரங்கத்தில் நடந்தது. ஆறிலிருந்து ஒன்பது மாதக் குட்டிகளுக்கான மைனர் பப்பி வகுப்பு. செவலை மேசையில் அருமையாக நின்றாள். நடக்கச் சொன்னதும் உட்கார்ந்துவிட்டாள். நாலாவது இடம். இங்கே முதல் இடத்துக்குச் சிவப்பு அட்டை, இரண்டாவதுக்கு நீலம், மூன்றாவதுக்கு மஞ்சள், நாலாவதுக்குப் பச்சை. படத்தைப் பார்த்துவிட்டு அம்மா போனில், "ஏட்டி, பச்சைன்னா பாஸ்தானே?" என்றாள். ஆமாம் என்றேன். "முயல் பிடிக்குமா?" இல்லம்மா, இங்கே நாயை விட்டுக் காட்டு முயல் வேட்டையாடுவது 2005 முதல் குற்றம், அங்கேயும் குற்றம்தான் என்றேன். "பின்ன எதுக்கு?" அதற்கு என்னிடம் பதில் இல்லை.

முடிவை அறிவித்ததும் தோற்றவர்கள் ஜெயித்தவருக்குக் கைகொடுத்து "வெல் டன்" சொல்லிவிட்டுத்தான் வளையத்தை விட்டு வெளியே வருவார்கள். சிலர் பல்லைக் கடித்துக்கொண்டுதான் சொல்கிறார்கள், தெரிகிறது. இருந்தாலும் சொல்கிறார்கள். நம் சங்கத்து பேட்மின்டன் போட்டியில் இதைக் கொண்டுவர முடியுமா என்று யோசித்திருக்கிறேன்.

சாம்பியன் பட்டம் எப்படி என்று கேட்பவர்களுக்கு: சாம்பியன்ஷிப் ஷோவில், இனத்துக்கு ஆணில் ஒன்று, பெண்ணில் ஒன்று என்று சேலஞ்ச் சர்ட்டிஃபிகேட் தருவார்கள். வளையத்தில் எல்லோரும் சொல்வது "டிக்கெட்". அதுவும் பச்சை அட்டைதான், பெரியது. மூன்று வெவ்வேறு நடுவர்களிடம் மூன்று டிக்கெட், அதில் ஒன்றாவது நாய்க்கு ஒரு வயது முடிந்த பிறகு வாங்கியதாக இருக்க வேண்டும். கேட்க எளிது. ஆனால் ஏற்கெனவே சாம்பியன் ஆன நாய்களும் அதே வளையத்தில் நிற்கும், அவற்றைத் தாண்டித்தான் டிக்கெட். விப்பெட்டில் கூட்டம் வேறு அதிகம். 2018இலும் 2025இலும் கிரஃப்ட்ஸில் எல்லா இனங்களிலும் சிறந்த நாய் என்ற உச்சப் பரிசையே விப்பெட்தான் எடுத்தது, 2025இல் வந்தது இத்தாலியிலிருந்து. செவலைக்கு டிக்கெட் கிடைக்கும் என்று நான் கனவுகூடக் காணவில்லை. ஓபன் ஷோக்களில் சிவப்பு அட்டை வந்திருக்கிறது, அது போதும். ஒரு நடுவர் தன் விமர்சனத்தில், கண் நல்ல கறுப்பு, பின்பகுதி உறுதி, முன்பகுதி இன்னும் இறுக வேண்டும் என்று எழுதியிருந்தார். கோபம் வந்தது. மறுபடி பார்த்தேன், சரியாகத்தான் எழுதியிருக்கிறார்.

ஜூன் மாதம் மால்வர்ன் மலையடிவாரத்தில் நடக்கும் த்ரீ கவுன்டீஸ் ஷோதான் எனக்குப் பிடித்தது. பச்சை மைதானம், மடக்கு நாற்காலி, எங்கள் தயிர்சாத டப்பா, பக்கத்தில் யாரோ நீட்டும் பன்றி இறைச்சிப் பை. எங்கள் தெருவில் பேசாத இங்கிலாந்து அங்கே ஓயாமல் பேசுகிறது.

ஒரு உறுத்தல் மட்டும் போகவில்லை. வம்சம், ரத்தம், சுத்தம், ஐந்து தலைமுறைப் பட்டியல். எங்கள் ஊரில் இந்தப் பேச்சு மனிதர்களை என்ன பாடு படுத்தியது என்று பார்த்து வளர்ந்தவள், அதையே நாய்க்குப் பெருமையாகச் சொல்லும்போது வாய் கூசுகிறது. நெருங்கிய ரத்தத்தில் சேர்த்துச் சேர்த்து நாய்களுக்கு நோய் வந்த கதையும் உண்டு. 2008இல் பிபிசி அதை ஆவணப்படமாக ஒளிபரப்பி, அதன்பின் கிரஃப்ட்ஸைக் காட்டுவதையே நிறுத்தியது. 2012இல் புல்டாக், பெக்கினீஸ் முதலிய பதினைந்து இனங்களில் இனத்தின் முதலிடம் பெறும் நாயைக் கால்நடை மருத்துவர் பார்த்துச் சரி சொன்ன பிறகே அடுத்த சுற்று என்று கென்னல் கிளப் கொண்டுவந்தது. விப்பெட் அதில் இல்லை, ஓடிப் பிழைத்த நாய்க்கு மூச்சுத் திணறல் வளர்க்க யாருக்கும் தோன்றவில்லை போலும். மூச்சுவிடத் திணறும் தட்டை மூக்கு நாய்க்கு ரோசெட் மாட்டுவதைப் பார்த்தால் நான் இன்றைக்கும் கைதட்டுவதில்லை.

தொடங்க நினைக்கிறவர்கள் முதலில் நாய் வாங்காதீர்கள். ஒரு ஓபன் ஷோவுக்கு வெறுங்கையோடு போங்கள். கேட்டலாக் ஒன்று வாங்கி, பிடித்த இனத்தின் வளையத்தருகே உட்காருங்கள். வளையத்துக்குள் போகப்போகிறவரிடம் பேச்சுக் கொடுக்காதீர்கள், வெளியே வந்த பிறகு கேளுங்கள். ஜெயித்தவரைவிடத் தோற்றவர் அதிகம் சொல்வார்.

இப்போது மகளுக்கும் ஆசை வந்துவிட்டது. ஆறு வயதிலிருந்து 24 வயது வரை யங் கென்னல் கிளப் இருக்கிறது. பிள்ளைகளுக்கான ஹேண்ட்லிங் போட்டியில் நாயின் அழகைப் பார்ப்பதில்லை, பிடித்துக் காட்டுகிறவரின் கையைத்தான் பார்ப்பார்கள். அவள் செவலையை நிறுத்தும் வேகம் எனக்கு இல்லை. வகுப்பு நாளில் எனக்கு நைட் ஷிஃப்ட் வந்தால் அவள் அப்பாதான் கூட்டிப் போகிறார். போன வாரம் அவரை டீ போட நிறுத்திவிட்டார்களாம்.