கண்ணும் ஈரம்தானே, சார்?

எங்கள் ஆய்வகத்துக்குப் பயிற்சிக்கு வந்த ஒரு மாணவியின் பாதுகாப்புப் படிவத்தில் நான் கையெழுத்திட்டது விதிப்படி சரிதான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் டெராஹெர்ட்ஸ் கருவி, ரேடியோ அலைக்கும் அகச்சிவப்பு ஒளிக்கும் இடைப்பட்ட அலையை உமிழ்வது, 340 கிகாஹெர்ட்ஸில் இயங்குவது. 300 கிகாஹெர்ட்ஸ் வரை, ரேடியோ அலைகள் உடலில் படுவதற்கான பன்னாட்டுப் பாதுகாப்பு வரம்பு பொருந்தும். அதைத் தாண்டினால், அதாவது அலைநீளம் ஒரு மில்லிமீட்டருக்குக் கீழே போனால், லேசர் வரம்பு. ரேடியோ வரம்பு, உடலின் ஓரிடத்தில் படுவதற்கு, பயிற்சி பெற்ற பணியாளருக்குச் சதுர மீட்டருக்கு 100 வாட், பொதுமக்களுக்கு 20 வாட். லேசர் வரம்போ 1000 வாட். எங்கள் கற்றையில் அளந்தது ஏறத்தாழ 60. படிவத்தில் லேசருக்கான கட்டத்தில் அதை எழுதி ஒப்பமிட ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

இரண்டு மாதப் பயிற்சிக்கு வந்திருந்த அந்த மாணவி, "இது உடம்புக்குள்ளே போகுமா, சார்?" என்று கேட்டாள். வாயால் சொல்வதைவிடக் காட்டிவிடலாம் என்று ஒரு வடிதாளைக் கற்றையின் குறுக்கே பிடித்தேன். மீட்டர் பெரிதாக அசையவில்லை. அதே தாளை நனைத்துப் பிடித்தபோது அளவு சடாரென்று இறங்கியது. "பாரும்மா, தண்ணீரே விழுங்கிவிடுகிறது. தோலின் மேற்பரப்போடு நின்றுவிடும். எக்ஸ்-ரே போல அணுவிலிருந்து எலெக்ட்ரானைப் பிடுங்கும் வலு இதற்கில்லை. வெறும் சூடுதான், அதுவும் உச்சி வெயிலைவிடக் குறைவு" என்றேன். தாளின் விளிம்பில் திரண்டு நின்ற துளியைப் பார்த்தபடியே அவள், "கண்ணும் ஈரம்தானே, சார்?" என்றாள். சுவரில் மாட்டியிருந்த பாதுகாப்புக் கண்ணாடியை எடுத்துக் கொடுத்தேன். அது பச்சை லேசருக்காக வாங்கியது என்பது எனக்குத் தெரியும்.

நான் சொன்னதில் பொய் இல்லை. இந்த அலையின் ஒரு ஃபோட்டானுக்கு, அதாவது ஓர் ஒளித்துகளுக்கு, 1.4 மில்லி எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றல்தான் உண்டு. உடல் வெப்பத்தால் மூலக்கூறுகள் ஆடும் ஆட்டமே அதைப்போல் இருபது மடங்கு இருக்கும். 2013இல் கனடாவில் மனிதத் தோல் திசுவில் டிஎன்ஏ சேதத்தின் அடையாளம் காணப்பட்டது என்றால், அது பிக்கோ விநாடி (விநாடியில் லட்சம் கோடியில் ஒரு பங்கு) அளவிலான தீவிரத் துடிப்புகளால். அதிலும் பழுதைச் சரிசெய்யும் புரதங்கள் கூடவே பெருகியிருந்தன. எங்களுடையது தொடர்ச்சியான, மெல்லிய கற்றை.

ஆனால் அவள் கேட்டது டிஎன்ஏவைப் பற்றி அல்ல. தண்ணீர் விழுங்கிவிடுகிறது என்பதை நான் காவலாகக் காட்டினேன். சூடு முழுவதும் மேற்பரப்பிலேயே தங்கிவிடும் என்பதும் அதே செய்திதான். கண்ணின் முன்புறத்து ஒளிபுகும் படலமான கார்னியா அரை மில்லிமீட்டர் தடிமன், சூட்டை அள்ளிச் செல்ல இரத்தக் குழாய் இல்லாத இடம். உச்சி வெயிலில் நிற்பவர் யாரும் சூரியனை உற்றுப் பார்ப்பதுமில்லை. 60 வாட்டில் கண்ணுக்குக் கெடுதல் வரும் என்று இன்றும் நான் நினைக்கவில்லை. எனினும் கருவி 290 கிகாஹெர்ட்ஸில் இயங்கியிருந்தால், பயிற்சி பெறாத அவளுக்கு வரம்பு 20ஆக இருந்திருக்கும், நான் ஒப்பமிட்டிருக்க முடியாது. 290க்கும் 340க்கும் இடையில் மனிதத் தோலோ கண்ணோ மாறிவிடுவதில்லை.

அடுத்த ஆண்டு வந்த மாணவனின் படிவத்தில் வரம்பு 20 என்று எழுதி, கற்றையின் வலுவையும் அதற்கேற்பக் குறைத்துவைத்தேன். அவளுடைய படிவத்தைத் திருத்தவில்லை. திருத்தினால் அன்று தவறு நடந்தது என்றாகிவிடும். தவறு எதுவும் நடக்கவில்லை.