திருமணஞ்சேரி அம்மையும் கூறைநாட்டு நேசரும்

குத்தாலத்தை அடுத்த திருமணஞ்சேரியில் கல்யாணசுந்தரர் கோகிலாம்பாளின் கரம்பற்றி நிற்கிறார். அம்மையோ நாணத்தால் தலையைச் சற்றே தாழ்த்தியிருக்கிறாள். மணம் வேண்டி வந்த இளையோர் மாலைகளோடு வரிசையாக அமர்ந்திருந்தனர். மணம் முடிந்து பிரார்த்தனையை நிறைவேற்ற வந்த தம்பதியர், முன்பு பெற்றுச் சென்ற மாலையைப் பத்திரமாகக் கொண்டுவந்திருந்தனர். மகனுக்குப் பெண் அமைந்தபின், கூறை என்னும் மணப்புடவையை எடுப்பதற்கு முன் இங்கே வந்து வணங்க வேண்டும் என்பது என் மனைவியின் விருப்பம். அதனாலோ என்னவோ, அம்மை உடுத்தியிருந்த அரக்குப் புடவையை விட்டு என் கண் அகலவில்லை.

கூறை மணமகன் வீட்டார் எடுத்துத் தருவது. யாழ்ப்பாணத்திலும் மணச்சேலைக்கு அதுவே பெயர். மணநாளுக்கு முன் அதை ஒருமுறையும் நனைப்பதில்லை. ஓரங்களில் மஞ்சள் தடவி, திருமாங்கல்யத்தோடு தாம்பாளத்தில் வைத்து, பெரியோர் தொட்டு வாழ்த்திய பின்னரே மணமகளிடம் தருவார்கள். பிறந்த வீட்டுப் புடவையில் மணவறைக்கு வந்தவள், உள்ளே சென்று, புகுந்த வீட்டார் தந்த கூறையில் திரும்பி வருகிறாள். தாலி ஏறுவதற்கு முன்பே, ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டிற்கு அவள் மாறுவதை அந்தத் துணி அறிவித்துவிடுகிறது. பின்னர் அதன் முந்தானையே மணமகனின் அங்கவஸ்திரத்தோடு முடியப்பட்டு, இருவரும் அக்கினியை வலம் வருகிறார்கள். ஆண்டாள் தம் கனவில் 'மந்திரக் கோடி உடுத்தி மணமாலை அந்தரி சூட்ட' என்று பாடியதும் இம்முறையையே. கோடி என்பது புத்தாடை; அந்தரி என்பவள் துர்க்கை, திருமாலின் தங்கை. நாத்தனார் முன்னின்று மணப்பெண்ணை அலங்கரிக்கும் வழக்கத்தைத் தெய்வத் திருமணத்திலும் அவர் விடவில்லை.

அங்கிருந்து மயிலாடுதுறைக்கு வந்து, மாயூரநாதரையும் அபயாம்பிகையையும் வணங்கியபின் கூறைநாட்டுக்குச் சென்றோம். பட்டும் பருத்தியும் கலந்து, கட்டம் போட்டு நெய்த கூறைப் புடவைகளுக்கு ஒரு காலத்தில் பேர்பெற்ற ஊர் இது. இன்று முகூர்த்தப் புடவை என்றாலே காஞ்சிபுரத்தையும் சரிகையின் கனத்தையும்தான் பேசுகிறோம். கூறையின் மங்கலம் மஞ்சள் தடவிய அந்த ஓரத்தில் இருக்கிறதே அன்றிச் சரிகையில் இல்லை என்பது என் எண்ணம். வீட்டில் இதை உரக்கச் சொல்வதில்லை.

கூறைநாட்டில் புனுகுப்பூனை பூசித்ததாகச் சொல்லப்படும் புனுகீஸ்வரர் கோயில் இருக்கிறது. அறுபத்துமூவரில் ஒருவரான நேச நாயனாரை அங்கே வணங்கலாம். காம்பீலி என்னும் ஊரில், நெசவுத் தொழில் செய்யும் சாலியர் குலத்தில் தோன்றிய அவர், மனத்தின் செய்கையை அரன் அடிக்கும், வாக்கின் செய்கையை ஐந்தெழுத்துக்கும், கையின் செய்கையை அடியார்க்கு உடையும், இடுப்பில் கட்டும் துணிப்பட்டையான கீளும், கோவணமும் நெய்வதற்கும் ஆக்கியவர் என்று சேக்கிழார் பாடுகிறார். பெரிய அற்புதம் எதுவும் அவர் வரலாற்றில் இல்லை. நெய்தார், கொடுத்தார், இறைவனடி சேர்ந்தார். நெசவைத் தவிர வேறு தவம் வேண்டியிராத ஒருவரின் முன்னிலையில், எடுக்கவிருக்கும் கூறைக்காக மஞ்சளும் குங்குமமும் வைத்து வேண்டிக்கொண்டோம். அவருடைய குருபூசை பங்குனி மாதத்து ரோகிணியில் வருகிறது; திருமணஞ்சேரிக்கு வருவோர் அந்நாளை ஒட்டிப் பயணத்தை அமைத்துக்கொண்டால் இரண்டு தரிசனமும் ஒருசேரக் கிட்டும்.