கம்பி தெரிந்த டயர்

இன்று காலை எண்ணூர் விரைவுச்சாலையில், துறைமுகத்துக்குள் நுழைய வரிசையில் நின்றிருந்த கண்டெய்னர் லாரி ஒன்றின் பின்சக்கர டயரில் ரப்பர் தேய்ந்து, உள்ளிருக்கும் கம்பி வெளியே தெரிந்தது.

சாலையோரம் நடந்துபோன என் கண்ணுக்கே அது பட்டது.

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 190ஆம் பிரிவு பார்ப்பதும் ஏறக்குறைய இதைத்தான்: பிறருக்கு ஆபத்து விளைவிக்கக்கூடிய பழுது ஓட்டுபவருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதுகூட இல்லை, சாதாரணக் கவனத்தோடு பார்த்திருந்தால் தெரிந்திருக்கும் என்றாலே, பொது இடத்தில் அந்த வண்டியை ஓட்டியது குற்றமாகிவிடும்.

விபத்து நேர வேண்டியதில்லை.

2019 திருத்தத்துக்குப் பின் அபராதம் 1,500 ரூபாய் வரை. அப்பழுதினால் ஒருவர் காயமடைந்தாலோ பொருள் சேதமானாலோ மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். (அந்தத் தொகைக்கு அந்த லாரிக்கு ஒரு புது டயர்கூட வராது.)

வண்டியின் தகுதிச் சான்று (எஃப்.சி.) கையில் இருக்கிறது என்பது இதற்குப் பதிலாகாது. அது சோதனை நடந்த நாளின் நிலையைத்தான் சொல்லும்.

ஓட்டுபவரை மட்டுமல்லாமல், ஓட்டச் செய்பவரையும் ஓட்ட அனுமதிப்பவரையும் இதே பிரிவு சேர்த்தே சொல்கிறது. டயர் மாற்றும் முடிவு பெரும்பாலும் உரிமையாளருடையது என்பதால், வழக்கு எழுதும்போது ஓட்டுநரின் பெயரோடு நின்றுவிடாமல் அவர் பெயரையும் சேர்க்க வேண்டும் என்பதே என் கருத்து.