ஸ்டோக் நகருக்குள் படகில்

இங்கிலாந்தின் ஸ்டோக்-ஆன்-ட்ரென்ட் நகரை ட்ரென்ட் - மெர்சி கால்வாய் வழியாகப் பார்க்க வேண்டும். ஏழடி அகலப் படகு, மணிக்கு 4 மைல்தான் உச்ச வேகம். கரையில் நடப்பவர்கள் முந்துகிறார்கள், முந்தட்டும்!

மிடில்போர்ட் பீங்கான் ஆலையின் செங்கல் சுவரைக் கிட்டத்தட்ட உரசியபடி போனோம். 1888இல் கட்டியது. பாட்டில் வடிவச் சூளைகள் ஏழு இருந்த இடத்தில் இப்போது ஒன்றுதான் மிச்சம். அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தேன்.

மேடுபள்ளச் சாலையில் வண்டியேற்றினால் பீங்கான் உடையும். அதனால்தான் பீங்கான் ஆலை முதலாளி ஜோசையா வெட்ஜ்வுட் இந்தக் கால்வாய்க்காக அவ்வளவு பாடுபட்டார். 1766இல் வேலை தொடங்கி 1777இல் முடிந்தது. வடிவமைத்த ஜேம்ஸ் பிரிண்ட்லி 1772லேயே இறந்துவிட்டார், பாவம். முழுக் கால்வாயையும் பார்க்க அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை.

அப்புறம், கால்வாய் நுழைந்து போகும் ஹேர்காசில் சுரங்கப்பாதையருகே தண்ணீர் ஆரஞ்சு நிறம். சாயக்கழிவு இல்லை, பாறையிலுள்ள இரும்பு!