மேசை மேல் பசிபிக் ரயில்பாதை: தட்டையான மலை

அமெரிக்காவின் முதல் கண்டம் கடந்த ரயில்பாதையை 1:87 அளவில் துண்டு துண்டாகச் செய்துவருகிறேன். தண்டவாளம் ஒட்டி முடிந்தது. கடையில் கிடைக்கும் ஹெச்ஓ (1:87 மாடல் அளவின் பெயர்) தண்டவாளத்தில் இடைவெளி 16.5 மி.மீ.; 87ஆல் பெருக்கினால் நிஜப் பாதையின் 4 அடி 8½ அங்குலம். லிங்கன் முதலில் முடிவு செய்தது 5 அடி. 1863 மார்ச்சில், அவருடைய குடியரசுக் கட்சியே பெரும்பான்மையாக இருந்த நாடாளுமன்றம் அதை மாற்றியது. மாற்றாமல் விட்டிருந்தால் எனக்கு 17.5 மி.மீ. வேண்டும், ஒவ்வொரு கட்டையிலும் நானே ஆணி அடிக்க வேண்டும்!

1860 சிகாகோ மாநாட்டில் குடியரசுக் கட்சி இந்தப் பாதையைத் தேர்தல் அறிக்கையிலேயே சேர்த்தது. ஜனநாயகக் கட்சியினரும் அதே வாக்குறுதியைக் கொடுத்தார்கள். தகராறெல்லாம் எந்த வழியாக என்பதில்தான். உள்நாட்டுப் போரில் தென்மாநிலத்தார் வெளியேறியதும், தெற்கு வழி கேட்க அவையில் ஆளில்லை. 1862 ஜூலை 1 அன்று லிங்கன் சட்டத்தில் கையெழுத்திட்டார்.

இப்போது செய்வது மலையடிவாரம். மைல் ஒன்றுக்கு அரசு தந்த கடன் பத்திரம் சமவெளியில் 16,000 டாலர், மலையில் 48,000. அப்படியென்றால் மலை எங்கே ஆரம்பிக்கிறது? மேற்கிலிருந்து பாதை போட்ட சென்ட்ரல் பசிபிக் கம்பெனித் தலைவர் லீலண்ட் ஸ்டான்ஃபோர்டு 1863இல் கலிஃபோர்னியாவின் கவர்னரும்கூட, குடியரசுக் கட்சிக்காரர். சாக்ரமென்டோவிலிருந்து ஏழே மைலில், ஆர்கேட் ஓடையருகே சியரா மலை தொடங்குகிறது என்று மாநில நிலவியலாளர் விட்னி சொன்னார். லிங்கனும் ஏற்றுக்கொண்டார். அங்கே தரை கிட்டத்தட்ட சப்பட்டை. கட்சி வேறு, கம்பெனி வேறு என்று பிரித்துப் பார்க்க எனக்கு இங்கேதான் முடியவில்லை.

என் அளவில் ஏழு மைல் கிட்டத்தட்ட 130 மீட்டர், தெருவே போதாது. அதனால் ஓடைப் பகுதி மட்டும் தனிப் பலகை. தெர்மாகோல் மலைக்கு வேலையே இல்லை. கார்க் ஷீட்டை ஒரு ஓரத்தில் உப்புத்தாளால் தேய்த்து, கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சரிவு கொடுத்தேன். புல்லுக்கு, சலித்த மரத்தூளில் மஞ்சளும் பழுப்பும் போஸ்டர் கலர் கலந்து நிழலில் காயவைத்து, நீர்த்த ஃபெவிக்கால் மேல் தூவினேன். வெயிலில் காயவைத்தால் நிறம் வெளுக்கிறது. சரிவு தொடங்கும் இடத்தில் “மலை ஆரம்பம், மைலுக்கு 48,000 டாலர்” என்று ஒரு குட்டிப் பலகை நட்டிருக்கிறேன். பார்க்கிறவர்கள் மலையைத் தேடுகிறார்கள்.

அடுத்தது யூட்டாவின் ப்ரொமன்டரி, 1869 மே 10: கிழக்கிலிருந்தும் மேற்கிலிருந்தும் வந்த பாதைகள் இணைந்த இடம், நாள். இரண்டு எஞ்சின்கள்: விறகு எரித்த ஜூபிடருக்குப் புகைபோக்கி உப்பலாக இருக்க வேண்டும், நிலக்கரி எரித்த 119ஆம் எண் எஞ்சினுக்கு நேர்க்குழாய். உப்பலை எம்-சீலில் பிடித்துப் பார்க்கப் போகிறேன்.